லைனில் நிற்கும் பணம்

லாசரஸ் முனிரத்தினத்துக்குக் கொடுக்க வேண்டியது ஒன்பதாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அதில் ஒரு ரூபாயைக்கூட அவன் தின்னவில்லை. கடனென்று கை நீட்டி வாங்கியதும் இல்லை. முனிரத்தினத்தின் கூலிப் பணம் அவன் வங்கிக் கணக்கில் கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாமல் போனால், அதற்குப் பேர் கடன்தானே.

இரண்டு பேருக்கும் சம்ப் கழுவுகிற வேலை. பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டைப் பக்கமெல்லாம் வீட்டு வாசலுக்கு அடியில் தரைக்குள் தண்ணீர்த் தொட்டி இருக்கும். போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி விழுந்து, அடியில் கணுக்கால் புதைகிற அளவுக்குச் சேறு கட்டிவிடும். ஒருவன் உள்ளே இறங்கிச் சுரண்டி வாளியில் நிரப்ப வேண்டும், இன்னொருவன் மேலே நின்று கயிற்றை இழுக்க வேண்டும். லாசரஸ் ஒல்லி. அவன் இறங்குவான். முனிரத்தினத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தொப்பையும் சேர்ந்துவிட்டது. மூடி வழியாக அவர் நுழைய மாட்டார். அதனால் கயிறு எப்போதும் அவர் கையில்.

கூலியை இப்போது யாரும் கையில் கொடுப்பதில்லை. கழுவி முடித்து, ஈரக் கைலியோடு வாசலில் நின்றால், உள்ளேயிருந்து போனை நீட்டிக்கொண்டு வந்து நம்பர் கேட்கிறார்கள். முனிரத்தினத்திடம் இருப்பது பட்டன் போன். ஆகவே எல்லாப் பணமும் லாசரஸ் கணக்குக்குத்தான் வரும். சனிக்கிழமை அவன் ஏ.டி.எம். மிஷினில் எடுத்து முனிரத்தினத்தின் பங்கைக் கொடுப்பான். அதிலும் இந்த வருஷம் கோடையில் முனிரத்தினமே ஒரு ஏற்பாடு செய்திருந்தார்.

"பாதியத்தான் கையில குடு, லாசரு. மீதி உங்கிட்டயே இருக்கட்டும். துட்ட கையில பாத்தா காலு தானா கடைப் பக்கம் போவுது. எம் பொண்ணு தர்ஷினிக்கு நர்சிங் பீஸு கட்டணும். அன்னிக்குக் குடு போதும். நடுவுல நானே வந்து கால்ல வுழுந்து கேட்டாலும் குடுக்காத."

"அப்பால என்ன திட்டக் கூடாதுண்ணா."

"திட்டுவேன். நீ குடுக்காத."

அப்படிச் சேர்ந்த பணம்தான் அது. பீஸ் கட்டுகிற நாள் நெருங்கியபோது லாசரஸ் பம்மல் மெயின் ரோட்டு மிஷினுக்குப் போய் அட்டையைச் செருகினான். மிஷின் கரகரவென்று யோசித்துவிட்டு அட்டையை வெளியே தள்ளியது, பணத்தைத் தள்ளவில்லை. போனில் ஏதோ ஆங்கிலத்தில் வந்திருந்தது. அவன் எழுத்துக் கற்றதே நாற்பதுக்கு மேல், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான். ஆங்கிலம் இன்னும் கொக்கி கொக்கியாகத்தான் தெரியும்.

வங்கிக்குள் போனான். சத்யநாராயணன் என்று பெயர்ப் பலகை வைத்த மேஜையில் கண்ணாடி போட்ட அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்தார். பெயர்ப் பலகையைப் படிப்பதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார்.

"உங்க அக்கவுண்ட்ல லியன் போட்டிருக்கு. மேல இருந்து வந்திருக்கு. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, வெய்ட் பண்ணுங்க."

லாசரஸ் காதில் அது 'லைன்' என்று விழுந்தது. லைன் என்றால் அவனுக்குத் தெரியும். ரேஷன் கடை லைன், தண்ணி லாரி லைன், ஆஸ்பத்திரி லைன். பணத்துக்கும் லைன் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, நம்முடையது பின்னால் எங்கோ நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டான்.

முனிரத்தினத்திடம் அப்படியே சொன்னான். "பணம் லைன்ல நிக்குதாம்ணா. நம்ம முன்னால நெறைய பேரு கீறாங்க போல."

முனிரத்தினம் அவன் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "கில்லாடிடா நீ. குடுக்காதன்னு நான் சொன்னதுக்கு இன்னாமா கத வுடற."

"கத இல்லண்ணா. நெஜமா."

"சரி சரி. நான் குடிக்கறதுக்குக் கேக்கல. பீஸுக்குத்தான் கேக்கறேன். நாளைக்கு எட்து குடு."

நிஜத்தைச் சொல்லியும் பொய்யென்று பாராட்டு வாங்கிய ஆளாகிவிட்டான் லாசரஸ். அதற்குப் பிறகு அவன் எத்தனை தடவை சொன்னாலும் முனிரத்தினம் கண்ணடித்தார். கண்ணடிப்பு கொஞ்ச நாளில் முறைப்பாயிற்று. முறைப்புக்குப் பிறகு பேச்சே குறைந்துபோயிற்று.

லாசரஸ் வேலை இல்லாத நாளிலெல்லாம் வங்கிக்குப் போய் வந்தான். போனால் சத்யநாராயணன் சார் மேஜை முன்னால் கைகட்டி நிற்பான்.

"சார், லைன் நகந்துச்சா?"

"லியன்லாம் அவ்வளவு சீக்கிரம் நகராதுங்க."

"நமக்கு முன்னாடி எத்தினி பேரு சார்?"

"உங்கள மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க. என்கிட்டயே தினம் ரெண்டு பேர் வர்றாங்க."

கேள்வியும் பதிலும் இப்படிப் பொருத்தமாக அமைந்துவிட்டதால் இரண்டு பேருக்குமே சந்தேகம் வரவில்லை. லாசரஸ் வெளியே வந்து, இந்த லைனை எவன் நடுவில் புகுந்து பிடித்துக்கொண்டிருக்கிறானோ என்று அந்த முகம் தெரியாதவனை வைதுகொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறுவான். புதிதாக வருகிற கூலியும் அதே கணக்கில் விழுந்து அதே லைனில் போய் நின்றது. வருகிற பணம் உள்ளே போகிறது, உள்ளே போனது வெளியே வரவில்லை. பிறகு கூலியைக் கையில்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினான். பாதி வீடுகளில், கேஷ் இல்லையே, அப்புறம் தருகிறேன் என்றார்கள். அந்த அப்புறம் வரவில்லை.

பீஸ் கட்டுகிற தேதி போயே போயிற்று.

பொழிச்சலூரில் ஒரு வீட்டில் சம்ப் வேலை வந்தது. வாசலில் செம்பருத்தி, கேட்டில் நாய் இருக்கிறது என்று பலகை, நாய் இல்லை. ஸ்ம்ருதி என்கிற பெண் மட்டும் வீட்டில் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை. லாசரஸ் ஏணி வைத்து இறங்கினான். சேற்றை வழித்து முதல் வாளி நிரப்பினான். இழுத்தது. இரண்டாவது இழுத்தது. அப்புறம் வாளியை நிரப்பிக் கயிற்றை ஆட்டினால் கயிறு அப்படியே தொங்கியது. நிமிர்ந்து பார்த்தான். மேலே சதுரமாகத் தெரிந்த வெளிச்சத்தில் முனிரத்தினத்தின் தலை. அவர் ஏணியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"ண்ணா, இன்னா பண்ற?"

"நீயும் கொஞ்சம் லைன்ல நில்லு." குரல் தொட்டிக்குள் இரண்டு தரம் கேட்டது. "உன் அண்ணி காந்திமதி கொலுச வச்சி, தாலில இருந்த குண்டு ரெண்ட வச்சி, வட்டிக்கு வாங்கி பீஸு கட்டினா. தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணா."

"எப்பிடித் தெரியும். எந்த லைனுடா அது, மாசக்கணக்கா நகராம நிக்குது? தண்ணி லாரி லைனே மதியத்துக்குள்ள முடிஞ்சிடுது. செத்தவன எரிக்கறதுக்கு லைன்ல நின்னாக்கூட அன்னிக்கே எரிச்சிடறான். உம் பணத்துக்கு மட்டும் இன்னாடா லைனு?"

"எம் பணமும் அதுலதாண்ணா கீது. வாளிய இஸ்துக்கோண்ணா, மூச்சு முட்டுது."

"துட்ட எங்க போட்டன்னு சொல்லு, இஸ்துக்கறேன். தின்னுட்டன்னா தின்னுட்டேன்னு சொல்லு. உன் தங்கச்சி வூட்டுக்குக் குடுத்துட்டன்னாக்கூட பரவால்ல, சொல்டு. இந்த லைன் கத மட்டும் வேணாம்."

ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று. அது போகிறவரைக்கும் யாரும் பேச முடியாது, அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். சத்தம் அடங்கியபோது வெளிச்சத்தில் இன்னொரு தலை சேர்ந்திருந்தது.

"என்னண்ணா பிரச்சினை? ஏன் ஏணி மேல இருக்கு?" ஸ்ம்ருதி கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. எங்களுக்குள்ள ஒரு கணக்கு."

கீழேயிருந்து லாசரஸ் கத்தினான். "மேடம், பேங்க்ல லைன்னா இன்னா மேடம்? நீங்களாவது இவருக்குச் சொல்லுங்க."

அவள் முதலில் ஏணியை இறக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மற்றதைக் கேட்டாள். லாசரஸ் சேறு வழிய மேலே வந்து, ஈரக் கையைத் துடைக்கத் துணி கேட்டு, போனில் வந்திருந்ததைக் காட்டினான். அவள் அதைப் படித்தாள்.

"இது லைன் இல்லண்ணா. லியன். உங்க பணத்து மேல வேற ஒருத்தர் உரிமை கேக்கறாங்க, அதனால பேங்க் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம்."

முனிரத்தினம் குழம்பிப்போனார். "யாரு கேக்கறது? நான்தானம்மா கேக்கறேன். அப்ப நான்தான் லியனா?"

ஸ்ம்ருதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து விளக்கினாள். எங்கோ வட நாட்டில் யாரோ ஒருவரிடம் போனில் பேசி ஏமாற்றிப் பணத்தைப் பறித்திருக்கிறார்கள். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தாவித் தாவிப் போயிருக்கிறது. ஏமாந்தவர் புகார் கொடுத்ததும், அந்தப் பணம் கால் வைத்த இடத்தையெல்லாம் பூட்டச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. கூலி கொடுத்த யாரோ ஒருவர் வழியாக அதில் ஒரு துளி லாசரஸ் கணக்கிலும் விழுந்திருக்கும்.

"துளிய மட்டும் பிடிச்சுக்கணும், முழு அக்கவுண்ட்டையும் பூட்டக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றாள்.

"அப்ப ஏம்மா முழுசா பூட்னாங்க?"

"அதைத்தான் நான் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். என் வேலையே அதாண்ணா. சட்டம், டெக்னாலஜி, கவர்மெண்ட் பாலிசி, இதெல்லாம் ஜனங்களை எப்படி பாதிக்குதுன்னு ஆராய்ச்சி." உள்ளே போய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வழவழ அட்டை. அட்டையில் ஒரு காய்கறிக்காரம்மா போனைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதுபோல் படம்.

முனிரத்தினம் அதைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். "எழுதி இன்னா பண்ணீங்க?"

"சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் அனுப்பினோம். வெப்சைட்லயும் போட்டிருக்கோம்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"இன்னும் பதில் வரல."

"அதுவும் லைன்ல கீது போல" என்றார் முனிரத்தினம்.

அவளுக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. அடுத்த ரிப்போர்ட்டுக்கு லாசரஸிடம் பேசிப் பதிவு செய்துகொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினால் போதும், அந்த நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் அவளுடைய நிறுவனம் கொடுக்கும். லாசரஸ் முகம் மலர்ந்தது. ஆயிரம் ரூபாய் என்றால் வட்டியாவது கட்டலாம்.

"ஆனா..." என்று நிறுத்தினாள். "அதை உங்க அக்கவுண்ட்லதான் போடுவாங்க. ரூல் அப்படி."

அவளே வெட்கப்பட்டுப்போய், இதை எழுதிக்கொள்கிறேன் என்றாள். இதையும் எழுதுவாளாம். லாசரஸுக்குக் கோபம் வந்தது. யார்மேல் வந்தது என்று தெரியாத கோபம். அவளைத் திட்ட முடியாது, நல்ல பெண், டீ போட்டுக் கொடுத்தாள், பக்கத்து வீட்டில் கடன் வாங்கி அன்றைய கூலியைக் காகிதப் பணமாகவே கொடுத்தாள். வங்கியில் என்ன கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதியும் கொடுத்தாள். நல்லவர்களாகவே வந்து வாய்த்தால் யாரைப் போய்த் திட்டுவது.

கூலியை அப்படியே முனிரத்தினத்திடம் நீட்டினான். அவர் தன் பங்கை மட்டும் உருவிக்கொண்டு மீதியை அவன் சட்டைப் பையில் செருகினார்.

"பிச்சயா போடற? நாளைக்கு நானும் வரேன் பேங்க்குக்கு. அந்த லியன நான் பாக்கணும்."

மறுநாள் இரண்டு பேரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். லாசரஸ் இந்த முறை சரியான சொல்லைச் சொல்லி, எழுதிக் கொடுத்திருந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கேட்டான். என்ன புகார், எந்த ஊர், எவ்வளவு தொகை? சத்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டதும், இத்தனை நாளும் சொல்லாததைச் சொன்னார்.

"ஆயிரத்து எண்ணூறு ரூபாய்தாங்க பிரச்சினை. குரோம்பேட்டைல இருந்து வந்திருக்கு. மே மாசம்."

"ஆயிரத்து எண்ணூறா?" முனிரத்தினம் லாசரஸைப் பார்த்தார். "டேய், அந்த மூணாவது மாடி டேங்க்கு. ரெண்டு புறா செத்து ஊறிக் கெடந்துச்சே, அதுடா. நாத்தத்துல நீ வாந்தி எடுத்தல்ல? அதுக்குன்னு ஐந்நூறு சேத்துக் குடுத்தான் அந்த ஆளு. தாராளமா குடுக்கறானேன்னு பாத்தேன்."

"அந்த ஆயிரத்து எண்ணூற எட்துக்கோங்க சார்" என்றான் லாசரஸ். "வாந்தி எடுத்தது எங்களோட போவட்டும். மீதியக் குடுங்க."

"அப்படி நானா குடுக்க முடியாதுங்க. நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அக்கவுண்ட்ல இருக்கற பணம் எல்லாம் எப்படி வந்துது, யாரோடதுன்னு. நான் மேல அனுப்பறேன்."

"யாரோடதுன்னா, அதுல ஒம்பதாயிரத்துக்கு மேல என்னுது சார்" என்றார் முனிரத்தினம். "நான் குடிப்பேன்னு இவங்கிட்ட வுட்டு வெச்சேன்."

சத்யநாராயணன் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். சுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"பெரியவரே, அத இங்க சொல்லாதீங்க. அடுத்தவங்க பணத்தைத் தன் அக்கவுண்ட்ல வாங்கி வச்சுக்கறது, அதாங்க இப்ப பெரிய குத்தம். திருடனுங்க அப்படித்தான் பண்றானுங்க. ஏழைபாழை அக்கவுண்ட்ல போட்டு, அவன எடுத்துக் குடுக்கச் சொல்றது. கழுதை மாதிரி சுமக்கறதால அதுக்கே கழுதை அக்கவுண்ட்னு பேரு. நீங்க சொன்னத நான் எழுதி அனுப்பினா, ரெண்டு பேரையும் புகார் வந்த வட நாட்டு ஊருக்கு விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. ரயிலேறிப் போவீங்களா?"

"எம் பணத்த எம்பணம்னு சொன்னா குத்தமா?"

"அவர் அக்கவுண்ட்ல இருக்கறத உங்களதுன்னு சொன்னா குத்தம்."

லாசரஸ் குறுக்கே வந்தான். "அப்ப இன்னா சார் எழுதறது?"

சத்யநாராயணன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, அவரே சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். இந்தக் கணக்கில் உள்ள பணம் முழுவதும் என் சொந்த உழைப்பில் வந்தது. இதில் வேறு யாருக்கும் எந்தப் பங்கும் பாத்தியதையும் இல்லை.

லாசரஸ் பேனாவை மூடிவிட்டான். "அது பொய் சார்."

"தெரியுதுங்க. நான் உங்கள நம்பறேன். ஆனா நான் நம்பறதுக்கு இதுல இடம் கெடையாது. இந்த வரி இல்லாம அனுப்பினா திரும்பி வந்துடும்."

"எனக்கு எழுத்துக் கத்துக் குடுத்தவங்க இதுக்காடா கத்துக் குடுத்தோம்னு கேப்பாங்க சார். ஒருத்தன் கூலிய என்னுதுன்னு எங்கையால எழுத மாட்டேன்." லாசரஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "வாண்ணா, போலாம். கெடக்கட்டும் அது."

முனிரத்தினம் அசையவில்லை. அவர் அந்த வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, தாளில் ஒன்றும் எழுதியிருக்கவும் இல்லை.

"இது நெஜமாவே லியன்தான், இல்ல?" என்றார். "நீ தின்னல."

"தின்னலண்ணா."

"உன்ன தொட்டில வுட்டு ஏணிய வேற இஸ்துட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "ஒக்காரு. எழுது."

"ண்ணா—"

"எழுதுடா. எழுதாம வுட்டா உன்னுதும் போவும், என்னுதும் போவும். எழுதினா என்னுது மட்டுந்தான் போவுது."

லாசரஸ் உட்கார்ந்தான். ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்தான். 'உழைப்பில்' என்பதில் ழகரம் முதல் தடவை சரியாக வரவில்லை, மேலேயே திரும்ப எழுதினான். 'பாத்தியதை' என்ற சொல்லை அவன் அதுவரை எழுதியதே இல்லை. சத்யநாராயணன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். பின்னால் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எழுதி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சம்ப்பில்கூட அப்படி வேர்த்ததில்லை.

"படி" என்றார் முனிரத்தினம்.

படித்தான். முனிரத்தினம் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

சத்யநாராயணன் இன்னொரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "மன்னிச்சுக்கோங்க. ஸ்டாஃப் முன்னாடி நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டீங்க. எனக்கு இதுல ஒண்ணும் இல்லன்னு நீங்களும் ஒண்ணு குடுத்துடுங்க. இவருக்கு நல்லது."

அதையும் லாசரஸ்தான் எழுத வேண்டியிருந்தது. முனிரத்தினம் சொல்லவில்லை, அதிகாரி சொன்னார், லாசரஸ் எழுதினான். மைப்பெட்டியில் முனிரத்தினம் கட்டைவிரலை அழுத்தி, தாளில் உருட்டி வைத்தார். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்த விரல். ரேகை சரியாகப் பதியாமல் நடுவில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தது. பரவாயில்லை என்றார் சத்யநாராயணன். இரண்டு தாளையும் பின் அடித்துத் தட்டில் போட்டார்.

"எப்ப சார் வரும்?"

"மேல அனுப்பறேன். அங்க இருந்து அந்த ஊருக்குப் போகும். பதில் வந்தா மெசேஜ் வரும்."

வெளியே வெயில். முனிரத்தினம் மைபட்ட விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே படியிறங்கினார். ஷேர் ஆட்டோ ஒன்று நின்று பார்த்துவிட்டு, இவர்கள் ஏறாததால் போயிற்று.

"பணம் வந்தா மொத ஆளா உனக்குத்தாண்ணா" என்றான் லாசரஸ்.

"அத வுடு. இப்ப நீ எனக்கு எவ்ளோ தரணும்?"

லாசரஸ் வங்கிக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லு. நீதான எழுதின. படிச்சியே."

"ஒண்ணும் இல்லண்ணா."

"ஆங்" என்றார் முனிரத்தினம். "முடிஞ்சிது." பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.